மொகாமி: ‘ராசியில்லாத கப்பல்’ என்ற தீர்ப்பின் மீது ஒரு மறுவிசாரணை

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கடற்படையைப் பற்றி எழுதுவோர், மொகாமி என்ற குரூசரைக் குறிப்பிடும்போது ‘ராசியில்லாத கப்பல்’ என்ற அடைமொழியையும் கூடவே சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு முகாந்திரம் உண்டு. சோதனை ஓட்டத்திலேயே அதன் உடல் விரிசல் கண்டது. அது ஏவிய டார்பிடோக்கள் சொந்தத் தரப்புக் கப்பல்களை மூழ்கடித்தன. அது தன் சகோதரக் கப்பலின் விலாவில் மோதி முகப்பை இழந்தது. கடைசிப் போரில் தன் தரப்புக் குரூசர் இன்னொன்று வந்து அதன்மீது மோதியது. இத்தனையும் ஒரே கப்பலுக்கு நேர்ந்தால் ராசியைக் குறை சொல்லத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் ராசி என்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. யார் என்ன முடிவெடுத்தார்கள், அந்த முடிவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. மொகாமியின் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோக்கியோவின் மேசைகளில் எழுதப்பட்ட முன்வரலாறு இருக்கிறது என்பதும், அவற்றுள் ஒன்று, அதாவது மேல்தளத்துக்குக் கீழே டார்பிடோக்களைச் சுமந்து செல்லும் ஏற்பாடு, இந்தக் கப்பலின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1930-இல் கையெழுத்தான லண்டன் கடற்படை ஒப்பந்தம், 155 மி.மீ.க்கு மேற்பட்ட பீரங்கி தாங்கிய குரூசர்களைக் கன ரகமாகவும் மற்றவற்றை இலகு ரகமாகவும் பிரித்தது. கன ரகத்தில் ஜப்பானுக்குக் கிடைத்த அனுமதி 12. அந்த 12-உம் ஏற்கெனவே கட்டப்பட்டவையும் கட்டுமானத்தில் இருந்தவையுமாகத் தீர்ந்துபோயின. எஞ்சியது இலகு ரக ஒதுக்கீடு மட்டுமே. கடற்படைத் தலைமையகம் அதற்குள்ளேயே கன ரகத்துக்கு ஈடுகொடுக்கும் கப்பலைக் கேட்டது: ஐந்து கூண்டுகளில் 15 பீரங்கிகள், 12 டார்பிடோ குழாய்கள், 37 நாட் வேகம், காலம் வந்தால் 203 மி.மீ. பீரங்கிகளை ஏற்றிக்கொள்ளும் அடித்தளம். இத்தனையும் 8,500 டன்னுக்குள் அடங்க வேண்டும். வடிவமைப்பாளர் கிகுவோ ஃபுஜிமொத்தோ முடியாது என்று சொல்லவில்லை. எடையைக் குறைக்கத் தறையாணிகளை விட்டு மின்பற்றவைப்பைப் பெருமளவில் கையாண்டார்கள். அந்தத் தொழில்நுட்பம் ஜப்பானியக் கட்டுதளங்களில் அப்போது முதிர்ந்திருக்கவில்லை.

1934 மார்ச் 12 அன்று தொமோசுரு என்ற டார்பிடோ படகு, மேற்கட்டுமானத்தின் பளு தாங்காமல் புயற்கடலில் கவிழ்ந்தது. இரண்டே நாள் கழித்து, மார்ச் 14 அன்று, குரே கட்டுதளத்தில் மொகாமி நீரில் இறக்கப்பட்டது. சின்ன உடலில் பெரிய ஆயுதம் என்ற கொள்கையின் ஆபத்து அந்த வாரமே அம்பலமாகியும், மேற்கட்டுமானத்தைச் சற்றுக் குறைத்ததோடு திருத்தம் நின்றது. 1935 ஜூலையில் பணி முடிந்தபோது அறிவிக்கப்பட்ட எடையைவிட ஆயிரக்கணக்கான டன் கூடியிருந்தது. சோதனையில் பற்றவைப்பு இணைப்புகள் பிளந்தன. உடல் நெளிந்ததில் பீரங்கிக் கூண்டுகள் சுழல முடியாமல் சிக்கின. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, நான்காம் கடற்படை பயிற்சியின்போது சூறாவளியில் அகப்பட்டது. ஹட்சுயுக்கி, யூகிரி என்னும் இரு நாசகாரிக் கப்பல்களின் முகப்பு ஒடிந்து போனது. மொகாமியின் உடலும் விரிசல் விட்டது. அதே வார்ப்பில் பிறந்த மிகுமாவின் உடலும் விரிசல் விட்டது.

இந்த முதல் அத்தியாயத்தை ராசிக் கணக்கில் எழுதவே இடமில்லை. ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு கப்பல்களுக்கு ஒரே நோய் கண்டால் குற்றம் வரைபடத்தினுடையது. பின்னர் பக்கவாட்டில் கூடுதல் புடைப்புகள் சேர்த்து, தகடுகளைப் பலப்படுத்தி, உடலை ஏறத்தாழ மறுபடி கட்டினார்கள். ஒப்பந்தக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு 155 மி.மீ. கூண்டுகளைக் கழற்றி, பத்து 203 மி.மீ. பீரங்கிகளை ஏற்றினார்கள். கழற்றிய கூண்டுகளில் சில பின்னாளில் யமாத்தோ, முசாஷி என்ற பெரும் போர்க்கப்பல்களுக்குப் போய்ச் சேர்ந்தன. புதிய பீரங்கிகளின் குழல்கள் நீளம் அதிகம். இரண்டாவது கூண்டை முன்னோக்கித் திருப்பி நிறுத்தினால் குழல்கள் முதற்கூண்டின் கூரையில் இடித்தன. அவற்றைச் சற்றே உயர்த்தி வைத்துத்தான் கப்பல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அக்காலப் புகைப்படங்களில் அந்த உயர்ந்த குழல்களை இன்றும் காணலாம். ஒரு நோக்கத்துக்குக் கட்டி, மற்றொரு நோக்கத்தை உள்ளே ஒளித்துவைத்த கப்பல் அது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

டார்பிடோவுக்கு வருவோம். 1920-களில் மியோக்கோ வகைக் குரூசர்களை வரைந்த யுசுரு ஹிராகா, டார்பிடோ குழாய்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். தளத்துக்குக் கீழே அவற்றை வைத்தால், எதிரியின் ஒரு குண்டு பட்டாலும் சொந்த வெடிமருந்தே கப்பலைப் பிளந்துவிடும் என்பது அவர் கணிப்பு. தலைமையகம் அதை ஏற்கவில்லை. இரவுப் போரில் டார்பிடோதான் அமெரிக்க எண்ணிக்கை பலத்தைச் சரிக்கட்டும் என்று கருதிக் குழாய்களைச் சேர்க்க வைத்தது. ஆகவே ஆபத்து முன்னறியப்பட்டது, அறிந்தே ஏற்கப்பட்டது. அதற்குப் பின் வந்த 93-ஆம் வகை டார்பிடோ ஆக்ஸிஜனில் இயங்குவது, 61 செ.மீ. விட்டம், ஏறக்குறைய அரை டன் வெடிமருந்து, வேகத்தைக் குறைத்தால் 40 கி.மீ. பாயக்கூடியது. உலகில் அன்று இதற்கு நிகரில்லை.

1942 பிப்ரவரி 28 இரவு, ஜாவாவின் பாந்தன் விரிகுடா முகப்பில், மொகாமி அமெரிக்கக் குரூசர் ஹூஸ்டனைக் குறிவைத்து ஆறு டார்பிடோக்களை ஏவியது. அவை குறி தவறி ஓடிப்போய், அப்பால் படைகளை இறக்கிக்கொண்டிருந்த ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. கண்ணிவாரிக் கப்பல் ஒன்றும் துருப்புக் கப்பல்கள் சிலவும் மூழ்கின அல்லது தரைதட்டின. 16-ஆம் படையின் தளபதி ஹிதோஷி இமாமுரா, எண்ணெய் படிந்த நீரில் நெடுநேரம் மிதந்து கரையேறினார். நாசகாரி ஃபுபுக்கியின் டார்பிடோக்களைக் குற்றம் சாட்டியவர்களும் உண்டு. ஆனால் மொகாமியின் மீதான சாட்சியமே வலுவானது. குறி தவறிய டார்பிடோ, எரிபொருள் தீரும் வரை ஓடும். குறுகிய விரிகுடாவில் சொந்தத் துருப்புக் கப்பல்கள் நெருங்கி நிற்க, அவை இருக்கும் திசையில் இத்தகைய ஆயுதத்தை ஏவ அனுமதித்த போர்முறையே அங்கே பேசுபொருளாக வேண்டும். ஆயுதத்தின் வீச்சைக் கொண்டாடிய கடற்படை, அந்த வீச்சின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை விதிகளில் எழுதிவைக்கவில்லை.

ஒரு மாதத்துக்குச் சற்றுப் பிறகு மொகாமி நம் கடலுக்கு வந்தது. கொழும்பு மீதும் திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானந்தாங்கி அணித்தலைவர் நகுமோவின் விமானங்கள் குண்டு வீசிய ஏப்ரல் நாட்களில், ஜிசாபுரோ ஒசாவாவின் அணி வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. சுமார் 20 கப்பல்கள் மூழ்கின. மிகுமாவும் மொகாமியும் அதில் ஒரு பிரிவு. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும், சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடியதும் அந்த வாரத்தில்தான். ராசியில்லாத கப்பல் என்ற பெயர், அதனிடம் சிக்கிய நிராயுதபாணிக் கப்பல்களின் மாலுமிகளுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் ஆய்வாளர் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி மிட்வே சண்டை. ராசிக் கோட்பாட்டின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. 1942 ஜூன் 4 அன்று ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் அழிந்த பின், தாக்கெயோ குரிட்டாவின் 7-ஆவது குரூசர் பிரிவுக்கு, இரவோடிரவாக மிட்வே தீவைப் பீரங்கியால் தாக்கும்படி உத்தரவு வந்தது. குமானோ, சுசுயா, மிகுமா, மொகாமி என்ற வரிசையில் நான்கும் முழு வேகத்தில் விரைந்தன. நள்ளிரவுக்குப் பின் அந்த உத்தரவு ரத்தானது. ஆனால் ரத்துச் செய்தி தவறுதலாக 8-ஆவது பிரிவின் பெயருக்கு அனுப்பப்பட்டு, குரிட்டாவுக்குத் தாமதமாகவே கிடைத்தது. அந்தத் தாமதம் இல்லையென்றால், அமெரிக்க நீர்மூழ்கி டாம்பர் உலவிய நீரில் அவர்கள் அந்த நேரத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியில் குமானோ நீர்மூழ்கியைக் கண்டு, இடப்பக்கம் அவசரத் திருப்பத்துக்குச் சைகை கொடுத்தது. இருட்டில், சுமார் 28 நாட் வேகத்தில், நெருக்கமான வரிசையில், விளக்குச் சைகையை மட்டும் நம்பி நான்கு பெரிய கப்பல்கள் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும். சுசுயா மயிரிழையில் குமானோவைத் தவிர்த்தது. வரிசையின் கடைசியில் வந்த மொகாமியில், முன்னால் தெரிந்த சுசுயாவின் உருவை மிகுமா என்று எண்ணித் திசையைச் சரிசெய்தார்கள். உண்மையான மிகுமா குறுக்கே வந்தது. மோதலில் மொகாமியின் முகப்பு ஏறத்தாழ 12 மீட்டர் நீளத்துக்கு இடப்பக்கமாக மடங்கிப்போனது. மிகுமாவின் எண்ணெய்த் தொட்டி பிளந்து, அது போகும் வழியெல்லாம் எதிரிக்குத் தடம் காட்டியது.

கடைசி இடத்தில் நின்றது மொகாமியாக இருந்ததில் தற்செயல் உண்டு. அதை மறுக்க மாட்டேன். ஆயினும் அந்தத் தற்செயல் தீர்மானித்தது ‘எந்தக் கப்பல்’ என்பதை மட்டுமே. ‘ஏதோ ஒரு கப்பல்’ என்பதை, இரவில் நெருங்கிய வரிசையில் முழு வேகத்தில் செல்லும் பழக்கமும் பிழையான முகவரியும் முன்னமே தீர்மானித்திருந்தன. சுசுயாவும் குமானோவும் தப்பியது சில மீட்டர்களில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குரிட்டா இரு கப்பல்களோடு விலகிச் செல்ல, மொகாமியும் மிகுமாவும் இரண்டு நாசகாரிகளோடு பின்தங்கின. மொகாமியின் சேதக் கட்டுப்பாட்டு அதிகாரி மாசாயுக்கி சருவதாரி ஒரு முடிவெடுத்தார்: டார்பிடோக்கள் அனைத்தையும் கடலில் தள்ளிவிடுவது. குரூசரின் தலையாய ஆயுதத்தை எதிரியைக் காணாமலே எறிவது, அந்தக் கடற்படையின் மனோபாவத்தில் ஏறக்குறைய அவமானம். அவர் அதைச் செய்வித்தார். உடைந்த முகப்புக்குப் பின்னிருந்த தடுப்புச் சுவருக்கு மரத்தால் முட்டுக்கொடுத்து, மெல்ல மெல்ல 20 நாட் வரை வேகத்தை மீட்டார்கள்.

ஜூன் 6 அன்று என்டர்பிரைஸ், ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிகளின் விமானங்கள் அலை அலையாக வந்தன. இரண்டு கப்பல்களும் பல குண்டுகள் வாங்கின; இரண்டிலும் தீ பிடித்தது. மிகுமாவின் தீ டார்பிடோக்களை எட்டியது. அவை வெடித்ததில் கப்பலின் நடுப்பகுதி நொறுங்கி, அன்று மாலையே மூழ்கியது. மொகாமியின் தீ டார்பிடோ அறையை எட்டியபோது அங்கே ஒன்றும் இல்லை. சுமார் 90 பேரை இழந்தும் அது ட்ரக் தீவு போய்ச் சேர்ந்தது. இரண்டு சகோதரக் கப்பல்கள், ஒரே நாள், ஒரே எதிரி, ஒரே ரகக் குண்டுகள். வேறுபாடு ஒரு அதிகாரியின் ஓர் உத்தரவு. வரலாற்றாய்வில் இவ்வளவு துல்லியமான ஒப்பீடு எளிதில் வாய்ப்பதில்லை. ராசியைப் பற்றி எழுதுவோர் இதை ஒரு சாகசக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ முழு வரலாற்றின் மையமே இதுதான்.

அந்தப் பாடம் விதியாக மாறியதா? சசெபோ கட்டுதளத்தில் மொகாமியின் பின்புறக் கூண்டுகள் இரண்டையும் நீக்கி, 11 கடல் விமானங்கள் தாங்கும் தளம் அமைத்து, 1943 ஏப்ரல் 30 அன்று மீண்டும் பணிக்கு விட்டார்கள். உளவு விமானங்களுக்கு அதனால் பயன் இருந்தது. டார்பிடோ குழாய்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதற்கிடையில், 1942 அக்டோபரில் எஸ்பெரன்ஸ் முனைச் சண்டையில் ஃபுருதாக்கா என்ற ஜப்பானியக் குரூசரின் டார்பிடோக்கள் தீப்பற்றி, அந்த வெளிச்சமே எதிரிக்குக் குறிகாட்டியிருந்தது. 1943 நவம்பர் 5 அன்று ரபாவுலில் அமெரிக்க விமானங்கள் நங்கூரமிட்டிருந்த குரூசர்களைத் தாக்கியபோது மொகாமியும் ஒரு குண்டு வாங்கி எரிந்தது; 19 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்பில் மாதங்கள் கழிந்தன.

1944 அக்டோபர் 25 அதிகாலை, ஷோஜி நிஷிமுராவின் அணியில் பிலிப்பைன்ஸின் சுரிகாவ் நீரிணைக்குள் நுழைந்தபோது மொகாமி மீண்டும் முழு டார்பிடோச் சுமையோடு இருந்தது. அமெரிக்கக் குரூசர்களின் பீரங்கிக் குண்டுகள் கட்டளை மேடையைத் தாக்கி, கேப்டன் ரியோ தோமாவையும் உடனிருந்த அதிகாரிகளையும் கொன்றன. பீரங்கி அதிகாரி பொறுப்பேற்றார். மெல்ல நகர்ந்துகொண்டிருந்த கப்பல், பின்னால் வந்த கியோஹிதே ஷிமாவின் கொடிக்கப்பலான நாச்சியின் பார்வைக்கு நின்றுவிட்டது போலத் தெரிந்தது. நாச்சி திரும்பி வந்து அதன்மீது மோதியது. நிஷிமுராவும் ஷிமாவும் வெவ்வேறு தலைமையின் கீழ், ஒருவர் திட்டம் மற்றவருக்குச் சரிவரத் தெரியாமல், ஒரே நீரிணைக்கு அனுப்பப்பட்டவர்கள். இந்த மோதலுக்கும் ராசியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிறகு தீ டார்பிடோக்களை எட்டியது. ஐந்து வெடித்து, வலப்பக்க இயந்திரம் செயலிழந்தது. சருவதாரி இரண்டாண்டுக்கு முன் கடலில் எறிந்தது எதுவோ, அதுவே இப்போது கப்பலின் ஓட்டத்தைப் பறித்தது. காலையில் அமெரிக்கத் துணை விமானந்தாங்கிகளின் விமானங்கள் எஞ்சிய வேகத்தையும் அழித்தன. நாசகாரி அகெபோனோ மாலுமிகளை ஏற்றிக்கொண்டு, பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு தானே ஒரு டார்பிடோவால் மொகாமியை மூழ்கடித்தது. 190-க்கும் மேற்பட்டோர் உயிர் போயிருந்தது.

அதே நாளில், சாமார் தீவுக்கு அப்பால், சகோதரக் கப்பல் சுசுயாவின் அருகே ஒரு குண்டு விழுந்தது. நேரடியாகப் படக்கூட இல்லை. அந்த அதிர்விலும் தீயிலும் அதன் டார்பிடோக்கள் வெடித்து, மொகாமி மூழ்கிய ஏறக்குறைய அதே நேரத்தில் அதுவும் மூழ்கியது. சுசுயாவை யாரும் ராசியில்லாத கப்பல் என்று எழுதுவதில்லை. ஃபுருதாக்கா, மிகுமா, மொகாமி, சுசுயா என்ற நான்கின் சேத அறிக்கைகளையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர், ஹிராகா 1920-களில் விடுத்த எச்சரிக்கையை நான்கிலும் காண்பார்.