காற்று குலுக்கும்போது... ஜெட் விமானிகள் கற்ற பாடம்

1963 பிப்ரவரி 12. அமெரிக்காவின் மயாமி நகரைச் சுற்றிலும் இடிமேகங்கள். நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் 705ஆம் எண் விமானம், ஒரு போயிங் 720பி, சிகாகோவுக்குப் புறப்பட்டது. மேகங்களை விலக்கிக்கொண்டு மேலேறிய விமானத்தை ஏறுகாற்று ஒன்று வேகமாகத் தூக்கியது. சுமார் 19,000 அடியைத் தொட்டதும் மூக்கு கவிழ்ந்து கீழே பாய்ந்தது. தரையைத் தொடும் முன்பே உடைந்து, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் சிதறியது. அதில் இருந்த 43 பேரும் இறந்தார்கள்.

அது தனி நிகழ்ச்சி அல்ல. அதே ஆண்டு ஜூலையில் யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 720 ஒன்று நெப்ராஸ்கா வானில் பல்லாயிரம் அடி சரிந்து, கடைசியில் தப்பியது. 1964 பிப்ரவரியில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிசி-8 விமானம் நியூ ஆர்லியன்ஸ் அருகே ஏரியில் விழுந்து 58 பேர் மாண்டனர். அனுபவம் மிக்க விமானிகள், புத்தம்புது ஜெட் விமானங்கள்... பிறகு ஏன் இப்படி?

விடையின் ஒரு பகுதி பழைய பழக்கத்தில் இருந்தது. காற்று குலுக்கினால் வேகத்தைக் குறை என்பது விசிறி விமானக் காலத்துப் பாடம். மேடு பள்ளமான சாலையில் பஸ் மெதுவாகப் போவதைப் போலத்தான். அதில் நியாயமும் உண்டு. வேகம் கூடக் கூட, காற்றின் ஒவ்வொரு அடியும் இறக்கையில் அதிகச் சுமையாக இறங்கும்.

ஆனால் வேகம் மிகவும் குறைந்தால் வேறு ஆபத்து. இறக்கையைத் தாங்கும் காற்றோட்டம் பிரிந்து, தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். விசிறி விமானத்தில் விசைப்பிடியைத் தள்ளியதும் விசிறிக் காற்று இறக்கையின் மேலேயே பாயும். உடனே பலன் கிடைக்கும். ஜெட்டில் அந்த வசதி இல்லை. குறைந்த சுழற்சியில் இருக்கும் என்ஜின் முழு உந்துவிசைக்கு வரப் பல விநாடிகள் ஆகும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட ஜெட், வேகத்தை இழந்துவிட்டால் மீட்பதும் கடினம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொந்தளிப்பில் வேகமானியின் முள் தாறுமாறாக ஆடும். அந்த முள்ளைத் துரத்தி விமானி மூக்கை ஏற்றி இறக்கினால், காற்றின் ஆட்டத்தோடு அவருடைய ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். 705ஆம் விமானத்தை விசாரித்த அமெரிக்க சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு கண்டதும் ஏறத்தாழ இதுதான். கடுமையான செங்குத்துக் காற்றோட்டமும், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டில் செய்யப்பட்ட பெரிய அசைவுகளும் ஒன்று கூடியதால்தான் விமானம் நிலைகுலைந்தது என்றது அறிக்கை.

விமானிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. உடல் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படும். கருவிகளைப் படிக்கவே முடியாமல் எல்லாம் அதிரும். அந்த நிலையில் கை தானாகவே எதையாவது செய்யத் துடிக்கும்!

இதற்குப் பிறகு பயிற்சி மாறியது. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் பால் சோடர்லிண்ட் போன்ற விமானிகள் இதைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். உருவான விதிகள் எளியவை. கொந்தளிப்புக்குள் நுழையும் முன்பே அதற்குரிய வேகத்துக்கு வந்துவிட வேண்டும். அந்த வேகத்துக்கான உந்துவிசையை வைத்துவிட்டு, அடிக்கடி மாற்றாமல் விட வேண்டும். செயற்கைத் தொடுவானக் கருவியைப் பார்த்து மூக்கின் நிலையையும் இறக்கைகளின் சமநிலையையும் காக்க வேண்டும். உயரம் சில நூறு அடி ஏறி இறங்கினாலும், வேகமானி ஆடினாலும் பதறக் கூடாது. வேகம் அபாய எல்லையை நெருங்கினால் மட்டுமே உந்துவிசையில் கை வைக்க வேண்டும்.

அந்த 'உரிய வேகம்' இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே உள்ளது. பல போயிங் 737 ரகங்களுக்கு அது 280 நாட், அதாவது மணிக்குச் சுமார் 520 கிலோமீட்டர். மிக உயரத்தில் மாக் 0.76.

கொந்தளிப்பு இன்னும் ஒழிந்துவிடவில்லை. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற போயிங் 777 ஒன்று மியான்மர் வானில் கடுமையாகக் குலுங்கியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஆனால் விமானம் பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. சீட் பெல்ட் போடச் சொல்லும்போது அலட்சியம் செய்யாமல் இருப்பது பயணிகளின் பங்கு. முன்னே அமர்ந்திருப்பவரின் பங்கு அதைவிடக் கடினம்: எல்லாம் ஆடும்போது, தன் கையை ஆடாமல் வைத்திருப்பது. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.