மலையைக் கேட்காமல் வளர்த்த பூ



எங்கள் ஊர் வீடுகளிலும் இப்போது ஓர்கிட் வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். முற்றத்தில் கூடையில் தொங்கும் நீலமும் ஊதாவும் கலந்த வண்டாப் பூவை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நிறம் ஒரு மலையிலிருந்து வந்தது. வந்த வழியில் ஏராளமான செடிகள் செத்தன. அந்த வரலாற்றை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

இந்தியாவின் வடகிழக்கில், இன்றைய மேகாலயாவில் காஸி மலைகள் இருக்கின்றன. பெருமழைக்குப் பேர்போன செரபுஞ்சி அங்கேதான். 1837 இல் வில்லியம் கிரிபித் என்ற தாவரவியலாளர் அந்த மலைகளில் நீல நிற ஓர்கிட் ஒன்றைக் கண்டார். பத்து வருடங்களுக்குப் பிறகு ஜோன் லின்ட்லி அதன் பெயரை வெளியிட்டார்: வண்டா கொருலியா. கொருலியா என்றால் இலத்தீனில் நீலம். ஓர்கிட்களில் நீலம் அபூர்வம். ஆகவே இங்கிலாந்துச் செல்வந்தர்கள் அதற்கு ஆசைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அதை எப்படி வளர்ப்பது? அக்காலத் தோட்டக்காரர்களில் பலருக்கு ஒரே விடைதான் தெரியும். வெப்ப நாட்டுச் செடி என்றால் சூடும் ஈரமும் வேண்டும். கண்ணாடி வீட்டைக் கட்டி, காற்றுப் புகாமல் மூடி, உள்ளே நெருப்பின் சூட்டைப் பாய்ச்சினார்கள். மலை உச்சியில் வளர்ந்ததும் கடலோரக் காட்டில் வளர்ந்ததும் அதே வீட்டுக்குள் அடைபட்டன. மலைச் செடிகள் அழுகிச் செத்தன. செத்ததற்குப் பதிலாக இன்னொன்று கப்பலில் வந்தது.

1850 இல் ஜோசப் டோல்டன் ஹூக்கரும் அவரது நண்பர் தோமஸ் தொம்சனும் காஸி மலைகளுக்குப் போனார்கள். ஹூக்கரின் தகப்பனார்தான் அப்போது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர். லெர்னாய் என்ற கிராமத்தருகே ஓக் மரங்களில் அந்த நீலப் பூவை ஹூக்கர் கண்டார். பார்த்ததோடு நிற்காமல் அது வாழும் நிலைமையையும் எழுதி வைத்தார்.

உயரம் 3000 முதல் 4000 அடி. மரங்கள் சிறியவை, இலை குறைந்தவை. அதனால் வெயில், மழை, காற்று மூன்றும் செடியின் மேல் நேரே படும். வேர்கள் பாசி இல்லாத காய்ந்த பட்டையில் படர்ந்திருக்கும். பூக்கும் காலத்தில் வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 27 பாகை செல்சியஸ். மழைக்காலத்தில் நல்ல ஈரம், ஆனால் காற்று ஒருபோதும் தேங்கி நிற்காது. குளிர்காலத்தில் நிலத்தில் உறைபனி கூட விழும். இங்கிலாந்தில் ஓர்கிட்டுக்குத் தரவே கூடாது என்று எவற்றை ஒதுக்கினார்களோ, அவைதான் மலையில் அதை வாழ வைத்தன என்று ஹூக்கர் சுட்டிக்காட்டினார்.

இவ்வளவு விளங்கிய அவர் என்ன செய்தார்? ஏழு ஆள் சுமை செடிகளைப் பறித்துக் கியூவுக்கு அனுப்பினார். சிலவே உயிரோடு போய்ச் சேர்ந்தன. இன்னொருவர் ஒரே ஒரு சுமை அனுப்பினார். அது மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுணுக்கு விற்றது. 1854 இல் வெளிவந்த 'ஹிமாலயன் ஜேர்னல்ஸ்' நூலில் வளர்ப்பதற்கான பாடமும் இருக்கிறது, ஒரு பருவத்தில் காஸி ஓர்கிட் விற்று ஆயிரக்கணக்கான பவுண் சம்பாதிக்கலாம் என்ற கணக்கும் இருக்கிறது. அந்த மலைப் பாதைகளில் சேகரிப்போர் வெட்டிப்போட்ட கிளைகளும் ஓர்கிட்களும் மைல் கணக்கில் சிதறிக் கிடந்ததாகக் கடிதத்தில் எழுதியவரும் அவரேதான்.

அறிவு மட்டும் அந்த மலையைக் காப்பாற்றவில்லை என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். எப்படி வளர்ப்பது என்று தெரிந்த பின்னரும், காட்டிலிருந்து எடுப்பதுதான் இலகுவாக இருந்தது.

நிலைமை மாற வழி திறந்தது 1922 இல். அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் சீனி கலந்த கூழில் ஓர்கிட் விதைகளை முளைக்க வைக்கும் முறையை வெளியிட்டார். தூசு போன்ற அந்த விதைகளில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையின் உதவியோடுதான் அவை முளைக்கும். இந்த முறையால் போத்தலுக்குள்ளேயே நாற்று உண்டாக்க முடிந்தது. 1931 இல், பிலிப்பைன்ஸின் தாழ்நிலத்து வண்டாவோடு நீல வண்டாவைச் சேர்த்து உருவாக்கிய 'ரொத்சில்டியானா' என்ற கலப்பினம் பதிவானது. சூட்டைத் தாங்கும் குணம் தாழ்நிலத்துச் செடி தந்தது, நீலம் காஸி மலை தந்தது. இன்று நாற்றுமேடைகளில் விற்கும் நீல ஊதா வண்டாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த மலையின் இரத்தம் ஓடுகிறது.

ஆகவே வீட்டில் வண்டா வைத்திருப்பவர்களுக்கு ஹூக்கரின் குறிப்பு இன்றும் பயன்படும். மண் வேண்டாம். வேர்கள் வெளியே தொங்கட்டும். காலையில் நன்றாக நனைத்து, இரவுக்கு முன் காயவிடுங்கள். மூடிய மூலையில் அல்ல, காற்று ஓடும் வெளிச்சமான இடத்தில் தொங்கவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்கிட்டும் காட்டிலிருந்து பறிக்கப்பட்டே அருகி வந்தது. தெருவோரத்தில் யாராவது காட்டு ஓர்கிட் என்று மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். நாற்றுமேடையில் விதையிலிருந்து வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அதற்காக எந்த மரமும் வெறுமையாகியிருக்காது.