தீக்காவலர்

மூண்ட தீயை அணைப்பது ஒரு பணி. தீ மூளாமல் காப்பது வேறொரு பணி. முன்னதைச் செய்வோரை உலகம் கண்கூடாகக் கண்டு போற்றுகிறது. பின்னதைச் செய்வோரின் உழைப்பு கண்ணுக்குப் புலனாவதில்லை. ஒன்றும் நிகழாமையே அவர்தம் வெற்றியாகும். துன்பம் அணுகுமுன் தன்னைக் காத்துக்கொள்ளாதவனின் வாழ்வை, நெருப்பின்முன் வைத்த வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அத்தாப்புக் கூரைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நின்ற சிங்கப்பூரில் அது உவமையாக மட்டும் நிற்கவில்லை. பன்முறை கண்முன் நிகழ்ந்த உண்மையாயிற்று.

தீக்காவல் என்னும் கருத்து மிகத் தொன்மையானது. கி.பி. 6ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் அகஸ்டஸ் தலைநகரைக் காக்க இரவுக் காவற்படை ஒன்றை நிறுவினார். நகரின் 14 வட்டாரங்களுக்கு 7 அணிகள் அமைந்தன. வாளியும் கோடரியும் ஏந்தி அவர்கள் இரவெல்லாம் சுற்றி வந்தனர். அப்படையின் தலைவருக்குத் தீயணைப்பதோடு வேறு கடமையும் இருந்தது. மாடியில் குடியிருப்போர் தம் அறையில் தண்ணீர் வைத்திருக்குமாறு அவர் அறிவுறுத்த வேண்டும். நெருப்பைக் கவனமின்றிக் கையாள்வோரைத் தண்டிக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. காணும் கண், கையில் கருவி, சொன்னதைச் செய்விக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் தீக்காவலுக்கு வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். இம்மூன்றையும் ஒருங்கே பெறச் சிங்கப்பூருக்கு நெடுங்காலம் ஆயிற்று.

1830ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிலிப் ஸ்திரீட்டில் ஒரு கொல்லன் பட்டறையில் தோன்றிய தீ மூன்று நாள் எரிந்தது. அதனை எதிர்க்க ஒழுங்கான தீயணைப்புக் கருவி எதுவும் அன்று ஊரில் இல்லை. 1888இல்தான் சட்டத்தின் வழியே முறையான தீயணைப்புப் படை அமைந்தது. 1909இல் ஹில் ஸ்திரீட்டில் செங்கல்லும் வெண்பூச்சும் மாறிமாறித் தோன்றும் மத்திய தீயணைப்பு நிலையம் எழுந்தது. அதன் உயர்ந்த கோபுரத்தின்மேல் நின்று காவலர் நகரைச் சுற்றிப் பார்த்து வந்தனர். புகையைக் கண்டவுடன் வண்டி புறப்படும். நகருக்குக் கண்ணும் கருவியும் கிடைத்தன. ஆயினும் கோபுரத்துக் கண் புகையைத்தான் காணும். குடிசைக்குள் கவிழும் மண்ணெண்ணெய் விளக்கைக் காணாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் தொகை பெருகியது. நகரின் விளிம்பில் கம்போங்குகள் நெருங்கி வளர்ந்தன. பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, விறகடுப்பு, வண்டி நுழைய முடியாத சந்து, தொலைவிலே தண்ணீர்க் குழாய் என்பனவே அவற்றின் நிலை. 1950களில் பல கம்போங்குகளில் குடியிருப்பாளரே தொண்டர் அணிகளை அமைத்துக்கொண்டனர். பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் முறைவைத்து விழித்திருந்து காவல் காத்தனர். அரசு ஊதியமும் சீருடையும் இல்லாத உள்ளூர்த் தீக்காவலர் இவர்கள். எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எந்தக் கொட்டகையில் எண்ணெய் இருக்கிறது என்பதைக் கோபுரத்தைவிட அவர்களே நன்கு அறிவர். ஆனால் கூரையை மாற்றவோ, சந்தை அகலமாக்கவோ, குழாயில் நீரழுத்தத்தைக் கூட்டவோ அவர்களுக்கு அதிகாரம் ஏது?

இக்குறையை 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நாடே கண்டது. அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் தியோங் பாருப் பகுதியில் பற்றிய தீ, காற்றின் துணையால் சாலையையும் தாண்டிப் புக்கிட் ஹோ சுவீக் கம்போங்கிற்குள் புகுந்தது. நீரழுத்தம் போதவில்லை, பொருள்களோடு ஓடிய மக்கள் கூட்டத்தால் வண்டிகள் செல்ல வழியின்றித் தடைபட்டன. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். பள்ளிக்கூடங்கள் அவர்களுக்குப் புகலிடமாயின. மாண்டோர் நால்வரோடு நின்றதில், அண்டை வீட்டாரைத் தட்டி எழுப்பி வெளியேற்றிய மக்களின் பங்கும் இல்லாமற் போகாது. ஆயினும் உயிரைக் காத்த கைகளால் ஊரைக் காக்க முடியவில்லை.

1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகளை விரைந்து எழுப்பியது. அத்தாப்பு மறைந்து கற்காரை வந்தது. இனித் தீயைப் பற்றிய அச்சம் வேண்டா என எண்ணியோரும் இருந்திருக்கலாம். 1972ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவ்வெண்ணத்தை அழித்தது. ராபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் பேரங்காடி எரிந்து ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மின்தூக்கியில் சிக்கியவர்கள். தானாக நீர் தெளிக்கும் அமைப்பு அக்கட்டடத்தில் இல்லை. கூரை எதனால் ஆயினும், காவல் இல்லாத இடம் வைக்கோற் போரே என்பதை இந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

1989இல் தீயணைப்புத் துறை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்தது. 1993ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்புச் சட்டம் பெரிய கட்டடங்கள் தமக்கெனத் தீப் பாதுகாப்பு மேலாளரை அமர்த்த வேண்டும் என்று விதித்தது. வெளியேறும் வழிகள் அடைபடாமற் பார்த்தல், கருவிகளைச் சோதித்தல், குடியிருப்போரைப் பயிற்றுதல் ஆகியவை அவர்தம் கடமைகள். உரோமத் தலைவரிடம் இருந்த மூன்றாவது பொருளாகிய அதிகாரம் இவ்வாறு கட்டடத்தின் உள்ளேயே வந்து சேர்ந்தது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலமேனும் வழி விட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒவ்வொரு தாழ்வாரத்திலும் நாள்தோறும் நின்று பார்க்க எந்த அதிகாரியாலும் இயலாது. மிதிவண்டியையும் பழைய அலமாரியையும் வழியில் வைப்பவர் குடியிருப்பவர். அகற்ற வேண்டியவரும் அவரே. கம்போங்கு மக்களிடம் கண் இருந்தது, அதிகாரம் இல்லை. இன்று அதிகாரம் உண்டு. கண்ணோ கதவுக்குப் பின்னால் மூடிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் முதியவர் தனித்திருப்பதை அன்றைய தொண்டர் அறிந்திருந்தார். இன்று அதனை அறிந்தவர் எத்தனை பேர்?

தீயணைப்பு வண்டி எத்துணை விரைந்து வரினும் தீ தோன்றிய பின்னரே வரும். அதற்கு முந்திய நிமிடங்கள் அண்டை வீட்டாருக்கு உரியவை. அந்நிமிடங்களில் விழித்திருப்பவரே ஊரின் முதல் தீக்காவலர்.