பெங்களூரின் ஏரிகளும் அவற்றைக் காத்த கைகளும்

பெங்களூர் நகரம் எந்த ஆற்றங்கரையிலும் பிறந்ததன்று. கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் நீண்டதொரு மேட்டின்மீது அமைந்திருக்கும் இந்நகரத்தில், மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து காவிரியில் கலக்கிறது. கிழக்குச் சரிவில் விழும் மழையோ பெல்லந்தூர், வர்த்தூர்த் தாழ்வுகளைக் கடந்து, தென்பெண்ணையோடு சேர்ந்து, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டினுள் பிரவேசிக்கிறது. எந்தப் பக்கம் பெய்தாலும் அந்த ஜலத்தின் பயணம் தமிழ் மண்ணை நோக்கியதே. ஆகையால் பெங்களூர் தன் ஏரிகளைப் பேணிய விதமும், பின்னர் அவற்றைக் கைவிட்ட விதமும் நமக்கு அயல்வீட்டுச் சமாசாரங்கள் அல்ல.

ஆறில்லாத பிரதேசத்தில் குடியிருக்க விரும்பிய மக்கள் மழையைத் தடுத்து நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டார்கள். காடுகோடியில் கிடைத்த 1043-ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் ராஜராஜ வேளான் என்பவர் பட்டந்தூரில் ஏரியொன்றை அமைத்து, அதற்குத் தூம்புகளும் வைத்து, விநாயகரையும் துர்க்கையையும் க்ஷேத்திரபாலரையும் பிரதிஷ்டை செய்தாரென்று கூறுகிறது. கெம்பேகௌடர் 1537-இல் கோட்டையும் பேட்டையும் நிர்மாணித்துத் தர்மாம்புதி, கெம்பாம்புதி முதலிய ஏரிகளை உண்டாக்கியதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய காரியம் இது. இந்த ஏரிகள் தனித்தனிக் குளங்களும் அல்ல. மேட்டிலிருக்கும் ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால், வழியும் நீர் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் சென்று, வழிநெடுகக் கிணறுகளை ஊறச்செய்துகொண்டே இறங்கும். ஆதலால் ஓர் ஏரிக்கு இழைத்த தீங்கு கீழேயுள்ள எல்லா ஏரிகளுக்கும் இழைத்த தீங்காக முடிந்தது.

இத்தகைய சங்கிலியை உயிரோடு வைத்திருந்தது கல்லும் மண்ணுமன்று, மனிதரின் சிரத்தையே. நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கப்படும் ஊழியரைக் கன்னட நாட்டார் நீருகண்டி என்பர். எந்த மதகை எப்பொழுது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடுவது, இவ்வாண்டு இருக்கும் நீர் ஒரு போகத்துக்கேனும் காணுமா என்பவற்றை நிர்ணயிக்கும் பொறுப்பை ஊரார் அவரிடம் ஒப்படைத்து, அதற்குப் பிரதியாக மானிய நிலமோ விளைச்சலில் ஒரு பங்கோ அளித்தனர். கோடைகாலத்தில் ஏரியடியில் படிந்த வண்டலைக் குடியானவர்கள் வெட்டித் தங்கள் வயலுக்கு எருவாகக் கொண்டுசென்றதால், தூர்வாரும் வேலைக்குச் சர்க்கார் தனியாகச் செலவிட வேண்டிய தேவை குறைந்தது. ஏரியின் நீர்மட்டத்தோடு தம் சோற்றைப் பிணைத்துக்கொண்டவர்கள் கரையிலேயே இருந்தவரை, அதன் ஆரோக்கியத்தைப் பற்றி அவர்களுக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

பழைய பேட்டைக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த தண்டு என்னும் படைக் குடியிருப்புக்கும் இடையே கிடந்த சம்பங்கி ஏரியின் கதையில் இந்த உண்மை துலக்கமாகத் தெரிகிறது. அதன் பாசனத்தில் காய்கறியும் பூவும் பயிரிட்டவர்கள், தமிழ் மண்ணிலிருந்து குடியேறியவர்கள் என்று கருதப்படும் வன்னிகுல க்ஷத்திரியர்களான திகளர்கள். திரௌபதியைக் குலதெய்வமாகப் போற்றும் இவர்கள், ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியன்று தர்மராய சுவாமி கோயிலிலிருந்து எடுக்கும் கரகத்துக்குரிய சடங்குகளில் சிலவற்றை இவ்வேரியின் நீரையே ஆதாரமாகக் கொண்டு நடத்திவந்தனர். ஏரியில் மீன் பிடித்தவர்களும், துணி வெளுத்தவர்களும், கரையில் மாடு மேய்த்தவர்களும், செங்கல் அறுத்தவர்களும் இருந்தார்கள்.

1876 முதல் 1878 வரை மைசூர் ராஜ்யத்தைச் சூறையாடிய மகா பஞ்சம் இந்த ஏற்பாட்டின்மேல் பெரிய சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. பசிபிக் சமுத்திரத்தின் வெப்ப மாறுதலான எல் நினோவுக்கும் அன்றைய பருவமழைப் பொய்ப்புக்கும் இருந்த சம்பந்தத்தைப் பிற்கால விஞ்ஞானிகள் விளக்கியிருக்கின்றனர். அன்றைய நிர்வாகிகள் கண்டதோ வறண்ட ஏரிகளை மட்டுமே. ஆகவே 1882-இல் சாங்கி ஏரி உண்டாயிற்று. 1890-களில், திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், அர்க்காவதியின் குறுக்கேயுள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் மூலம் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974-இல் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றப்பட்ட காவிரியும் அதனைத் தொடர்ந்தன. ஒவ்வொரு திட்டமும் அவ்வக்காலத்து ஜனங்களின் தாகத்தைத் தீர்த்த நல்ல காரியமே என்பதில் ஐயமில்லை. ஆனால் குழாய் வந்த அன்றே, நகரவாசி வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். சம்பங்கியில் நீர் உயர்ந்தால் போலோ மைதானம் நனைந்துவிடும் என்று தண்டின் கனவான்களும், நீர் குறைந்தால் பயிர் வாடிவிடும் என்று தோட்டக்காரர்களும் வாதாடிய காலத்தில், குடிநீருக்கு அந்த ஏரியை நம்பியிருந்த நகரம் வேறு வழி கண்டுவிட்டபடியால், தோட்டக்காரர்களின் பக்கம் நின்று பேச ஆளில்லாமல் போயிற்று. ஏரி வற்றியது, அந்த நிலத்தில் பிற்காலத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது, கரகச் சடங்குக்காகச் சதுரமான ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது.

மற்ற ஏரிகள் பலவும் அதே வழியில் போயின. தர்மாம்புதி பஸ் நிலையமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஹாக்கி மைதானமாயிற்று. கோரமங்களாவில் ஏரி இருந்த இடத்தில் தேசிய விளையாட்டுக் கிராமம் தோன்றிற்று. எஞ்சிய ஏரிகளை இனியேனும் காக்க வேண்டுமென்று 1980-களில் லக்ஷ்மண ராவ் தலைமையிலான குழு சிபாரிசு செய்தபோது, பெருவாரியான கால்வாய்களில் மழைநீருக்குப் பதிலாகச் சாக்கடையே ஓடத் தொடங்கியிருந்தது. 2015-இல் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரை சாலையில் பறந்ததும், 2017-இல் பெல்லந்தூர் ஏரியே புகைந்து எரிந்ததும் உலகப் பத்திரிகைகளில் வந்த செய்திகள். அந்த நுரை ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலும் பொங்குவதைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதிவருகின்றன.

நீருகண்டி கண்ணால் அளந்து சொன்னதை இன்று இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளக்கிறார்கள். சுற்றுச்சூழல் நிருபர்கள் அதனைச் செய்தியாக்கி வீடுதோறும் கொண்டுசேர்க்கிறார்கள். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையின் கணினி நிறுவனங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, பழைய கால்வாய்களின் வரைபடங்களைத் தேடியெடுத்துப் பிரசுரித்து, தண்ணீர் தன் பூர்வ வழியிலேயே வந்திருப்பதைச் சுட்டிக்காட்டியவர்கள் இவர்களே. மீண்டும் ஓர் எல் நினோ ஆண்டில் மழை குறைந்து, 2024 கோடையில் அரசாங்கத்துக்குரிய ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றியபோதும் காரணங்களை எடுத்துரைத்தவர்கள் இவர்களே. ஆயினும் நீருகண்டியின் கையில் மதகு இருந்தது. நிருபரின் கையில் இருப்பது பேனா மாத்திரமே. அறிந்தவர் வேறு, அதிகாரம் உள்ளவர் வேறு, பாதிக்கப்படுபவர் வேறு என்று பிரிந்துகிடப்பதுதான் இக்காலத்து ஏரிகளின் நோய்.

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. ஜக்கூர் ஏரியில், சுத்திகரித்த கழிவுநீரை நாணல் வளர்ந்த சதுப்பின் வழியே செலுத்தி ஏரியை நிரப்புகிறார்கள். கைக்கொண்டனஹள்ளியில் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து ஏரியை மீட்டு, அதனைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்றார்கள். இவற்றினும் விசித்திரமானது, 2018 முதல் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீர், இரண்டு நிலைகளில் சுத்திகரிக்கப்பட்டு, கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்கு அனுப்பப்படுவது. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டுமென்று அங்குள்ள விவசாயிகள் கேட்பது முற்றும் நியாயம். அந்த நீரைக் குறித்து விழிப்புடன் கேள்வி கேட்க ஆட்கள் இருப்பதற்குக் காரணம், அவர்களுடைய பயிர் இன்னமும் அந்த ஏரிகளை நம்பியிருப்பதே. தன் ஏரிகளைத் தூர்த்துவிட்ட பெருநகரம், தூர்க்காமல் வைத்திருந்த கிராமங்களிடம் தன் தண்ணீரை ஒப்படைத்திருக்கிறது. பெங்களூர் தன்னிடம் மிஞ்சியுள்ள ஏரிகளைக் காப்பாற்ற விரும்பினால், வேலியும் நடைபாதையும் அமைப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் ஏரிக்கும் அதன் நீரால் லாபமும் நஷ்டமும் அடையக்கூடிய மனிதர்களை மறுபடியும் உண்டாக்கி, மதகின் மீதான அதிகாரத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும்.