டியோடரண்ட் கறை

அக்குளில் பூசும் டியோடரண்ட் வகைகளால் துணியில் விழும் தடத்துக்கு டியோடரண்ட் கறை என்று பெயர். இது இரு வகைப்படும். கறுப்பு, கருநீலத் துணிகளில் சுண்ணாம்புபோலத் தெரியும் வெள்ளைப் படிவு ஒன்று. வெள்ளைச் சட்டையிலும் ரவிக்கையிலும் நாள்பட ஏறி, அந்த இடத்தையே அட்டைபோல விறைக்கச் செய்யும் மஞ்சள் கறை மற்றொன்று. துணியைப் பாழாக்குவது இரண்டாவதுதான். வியர்வைக் கறை என்றே பலரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் வியர்வை மட்டுமே இதற்குக் காரணமன்று.

கறை உண்டாகும் விதம்

டியோடரண்ட் என்ற ஒரே பெயரில் கடையில் இருவேறு பொருள்கள் விற்கின்றன. நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தி மணம் தருவது ஒன்று. வியர்வையையே தடுக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் மற்றொன்று. பின்னதில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் போன்ற அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வையில் கரைந்து, கூழ்போல உறைந்து, வியர்வைத் துளைகளை அடைக்கிறது. அதே கூழ் சட்டையிலும் படிந்து, வியர்வையின் புரதத்தையும் தோலின் எண்ணெயையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல மஞ்சளாகிறது.

அலுமினியம் பருத்தியை இறுகப் பற்றும் என்பது சாயமிடுவோருக்குப் பழைய செய்தி. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பைத் துணியில் நிலைக்கவைத்த படிகாரமும் அலுமினியச் சேர்மமே. சலவைத்தூள் காரத்தன்மை கொண்டது. அந்த நீரில் அலுமினியப் படிவு எளிதில் கரையாது. எத்தனை முறை துவைத்தாலும் கறை அப்படியே நிற்பது இதனால்தான், துவைப்பவரின் குறையன்று.

அமெரிக்காவில் 1903இல் விற்பனைக்கு வந்த ‘எவர்டிரை’ என்ற ஆன்டிபெர்ஸ்பிரன்ட் அலுமினியம் குளோரைடால் ஆனது. இந்த உப்பின் அமிலம் தோலை எரித்தது, துணியை அரித்தது. சின்சினாட்டியைச் சேர்ந்த எட்னா மர்ஃபி 1910களில் பரப்பிய ‘ஓடோரோனோ’ செந்நிறமாக வேறு இருந்ததால் உடைகளில் கறையும் விழுந்தது. அமிலத்தின் கடுமையைத் தணிக்கும் வழிக்கு ஜூல்ஸ் மாண்டினியர் 1941இல் காப்புரிமை பெற்றார். துணி அரிபடுவது அதன்பின் குறைந்தது. மஞ்சள் கறை மட்டும் தொடர்கிறது.

நீக்கும் முறை

வெள்ளைப் படிவுக்குத் தண்ணீரே வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியாலோ பழைய நைலான் காலுறையாலோ தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

மஞ்சள் கறைக்கு முதலில் அமிலம், பிறகு வெளுப்பான் என்ற வரிசை முக்கியம். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கறைபட்ட இடத்தை அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். அலுமினியப் படிவு இளகி, விறைப்பு குறையும். வினிகர் வாடை போகும்வரை அலச வேண்டும். ஏனெனில் வினிகரும் அடுத்துத் தடவும் பெராக்சைடும் சேர்ந்தால் தோலை எரிக்கும் பெர்அசெட்டிக் அமிலம் உண்டாகும்.

அடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 2 கரண்டி, ஆப்பச் சோடா 1 கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் 1 கரண்டி ஆகியவற்றைக் குழைத்துத் தடவி, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, அரைமணி விட்டுத் துவைக்கலாம். நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசலே கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். கையுறை அணிவது நல்லது. இந்தக் கலவை வெள்ளைத் துணிக்கே உரியது. சாயத் துணியானால் உள்தையலில் ஒரு துளி வைத்து, நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே தொட வேண்டும்.

நாள்பட்ட கறைக்கு, ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட்டை 40 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைப்பது மேல். பட்டும் கம்பளியும் இதைத் தாங்கா. சரிகை இழையில் வினிகரும் படக் கூடாது. பட்டு ரவிக்கையை உலர்சலவைக் கடையில் கொடுப்பதே சரி.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரைக்கவைக்கும் முறை பரவலாக இருக்கிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் அந்த நுரையில் பயன் ஏதுமில்லை.

பெருந்தவறு குளோரின் ப்ளீச். வெள்ளைத் துணி என்றதும் கை அதற்குத்தான் போகிறது. அது வியர்வைப் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளைக் கூட்டிவிடும். அதோடு வினிகர் கலந்தால் வெளிவருவது நச்சான குளோரின் வாயு. இரண்டையும் ஒரே வாளியில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கறையோடு இஸ்திரி போடுவதும் ஆகாது. சூட்டில் கறை இறுகிப்போகும்.

தவிர்க்கும் வழி எளிது. பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே சட்டை போட வேண்டும். குறைவாகவும் பூச வேண்டும். மஞ்சள் கறை தொல்லையானால், பொருள் விவரத்தில் அலுமினியம் இல்லாத வகைக்கு மாறலாம். வியர்த்த துணியை அழுக்குக் கூடையில் நாள்கணக்கில் போட்டுவைக்காமல் அன்றே அலசிவிட வேண்டும்.

இழை நைந்துபோன பழந்துணியில் கறை முழுதாகப் போவதில்லை. அக்குள் பகுதி தொட்டால் விறைப்பாக இருக்கிறது, மஞ்சள் இன்னும் ஏறவில்லை என்ற நிலையிலேயே வினிகரில் ஊறவைத்தால், பெரும்பாலும் வேறெதுவும் தேவைப்படாது.