வாசலில் நின்றுபோன சட்டம்

கரிசலில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பேசினால் சோற்றிலிருந்தே தொடங்குகிறோம். 1982இல் வந்த சத்துணவு பெரிய காரியம்தான். ஆனால் அது பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்கு. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிய பிள்ளைக்கு?

1920களில் சிவகாசியில் காலூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழை பொய்த்தால் கூலியில்லாத மானாவாரி மண். நிலமில்லாத நம் தெருக்கள். முன்பணம் வாங்கிய வீடுகளிலிருந்து போனதில் பெண்பிள்ளைகளே அதிகம். நாளெல்லாம் குனிந்திருந்து கட்டை அடுக்க வேண்டும். கூலி நாளுக்கல்ல, அடுக்கிய கணக்குக்கு. நிமிர்ந்து முதுகை நீட்டினால்கூடக் கூலி குறையும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டித் தயாரிப்பில் ஈடுபடுத்தக் கூடாதென்றது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்குத் தந்தது. பெட்டி ஒட்டும் வேலையோ ஏற்கெனவே வீடுகளுக்குள் இருந்தது. ஓர் அறை வீட்டில் பசைச்சட்டி இருக்குமிடமும் பிள்ளை படிக்குமிடமும் தூங்குமிடமும் ஒன்றே. 'குடும்பம்' என்று எழுதியவர்கள் யார் வீட்டை நினைத்தார்களோ!

1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்றது உச்ச நீதிமன்றம். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்கவும் வழி சொன்னது. வறுமையைக் கண்ட தீர்ப்பு அது. ஆனால் வீட்டிலிருந்து ஒட்டிய சிறுமிக்கு வருகைப் பதிவேடு இல்லை; அவளுக்கு முதலாளி இன்னாரென்று காட்டக் காகிதமும் இல்லை. அந்த 20,000 ரூபாயை யாரிடம் வசூலிப்பது?