ஆறு தாங்கும் சுமை

தமிழகத்தை விட்டு வந்து வடநாட்டில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், ஆடிப் பதினெட்டன்று சித்திரான்னங்கள் சமைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆயினும் அவற்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்லும் வழக்கம் டில்லியில் வாழ்வோரிடையே அருகிவிட்டது. காவிரிக் கரையில் பிறந்தவர்கள் யமுனையின் கரையில் நின்று ஒரு கை நீர் அள்ளவும் தயங்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காளிந்தி குஞ்ச் அருகே பஞ்சுப் பொதிபோல் மிதந்து வரும் வெண்ணுரையைக் கண்டவர்கள் அத்தயக்கத்தைக் குறை கூறமாட்டார்கள்.

கழிவை ஆற்றில் விடுவதற்குச் சட்டமும் வரம்பும் இல்லையா என்று கேட்கத் தோன்றும். சட்டமும் உண்டு, வரம்பும் உண்டு. அவ்வரம்பு எங்கே பிறந்தது, நம் நாட்டிற்கு வரும் வழியில் எதை இழந்தது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆறுகள் ஆலைக் கழிவாலும் நகரச் சாக்கடையாலும் கெட்டன. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பொறுக்கமாட்டாமல் பார்லிமெண்டு உறுப்பினர்கள் திணறியது வரலாற்றில் இடம் பெற்றுவிட்ட செய்தி. கழிவுநீரை அகற்றும் முறைகளை ஆராய 1898இல் ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அது பதினேழு ஆண்டுகள் உழைத்தது. 1912இல் வெளிவந்த அதன் எட்டாவது அறிக்கையில்தான் உலகெங்கும் பரவிய ஓர் எண் பிறந்தது.

கழிவை நீரில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டு அழிக்கின்றன. அப்போது அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. கழிவு மிகுந்தால் பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடிகின்றன. ஆகவே, ஒரு லிட்டர் நீரிலுள்ள கழிவு ஐந்து நாட்களில் எத்தனை மில்லிகிராம் பிராணவாயுவை விழுங்குகிறது என்று அளந்தால், அந்நீரின் கேடு விளங்கிவிடும். இதனை நாம் ‘பிராணவாயுத் தேவை’ எனலாம்.

தூய ஆற்று நீரில் இத்தேவை சுமார் 2 என்றும், 4க்கு மேற்போனால் ஆறு கெடும் என்றும் கமிஷன் கண்டது. பின்னர் ஒரு கணக்குப் போட்டது. ஒரு பங்கு கழிவுநீர் எட்டுப் பங்கு தூய ஆற்று நீரில் கலக்கிறது என்று கொள்வோம். ஆற்று நீரின் எட்டுப் பங்குக்கு இரண்டிரண்டாகப் பதினாறு. கழிவுநீரின் ஒரு பங்குக்கு இருபது. ஆக ஒன்பது பங்குக்கு முப்பத்தாறு. பங்கொன்றுக்கு நான்கு! எனவே கழிவுநீரில் 20 வரை பொறுக்கலாம் என்று முடிவாயிற்று. மிதக்கும் கசடு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் உடன் விதிக்கப்பட்டது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கமிஷன் முதலில் கேட்டது, “ஆறு எவ்வளவு தாங்கும்?” என்ற கேள்வியை. அதன் விடை நான்கு. இருபது என்பது அந்த நான்கிலிருந்து பிறந்த குழந்தையே. எட்டு மடங்கு நன்னீர் இல்லையேல் அந்த இருபதுக்குப் பொருளே இல்லை.

எண் கடல் கடந்தது. நிபந்தனை கரையிலேயே நின்றுவிட்டது. 1973இல் இந்தியத் தர நிறுவனம் நகரக் கழிவுநீருக்கு வகுத்த அளவும் அதே 20, 30தான். மறு ஆண்டு, 1974இல், நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்து, மத்தியிலும் மாநிலங்களிலும் வாரியங்கள் அமைந்தன. 1993இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட பொது அளவின்படி, ஆற்றில் விடும் கழிவுநீரின் பிராணவாயுத் தேவை 30 வரை இருக்கலாம். ஆற்றில் எத்தனை மடங்கு நீர் ஓடவேண்டும் என்ற குறிப்பு அவ்வெண்ணின் அருகில் இல்லை. மாநில வாரியங்கள் இதனினும் கடுமையான அளவை விதிக்கலாம் என்று விதி இடமளித்தது உண்மையே. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பெருநகரங்களுக்கு இது 10 ஆக வேண்டும் எனப் பணித்தது.

இனி யமுனையைப் பார்ப்போம். டில்லியின் குடிநீருக்காக வஜீராபாத் அணையில் நீர் எடுக்கப்படுகிறது. மழைக்காலம் நீங்கலான மாதங்களில், அணைக்குக் கீழே நன்னீர் ஏறக்குறைய இல்லை. நஜஃப்கர் முதலான வடிகால்கள் கொணரும் நீரே ஆறாகிறது. நீராடத் தக்க நீரில் பிராணவாயுத் தேவை 3க்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு அளவு. எட்டு மடங்கு வேண்டிய இடத்தில் ஒரு மடங்கும் இல்லாதபோது, வடிகாலில் 30 என்றால் ஆற்றிலும் 30தான். எல்லோரும் சட்டத்திற்கு அணுவளவும் பிசகாமல் நடந்தாலும் ஆறு பத்து மடங்கு கெட்டே ஓடும். அளவு பத்தாகக் குறைந்தாலும் பத்து மூன்றாகிவிடாது. சுமார் 1,376 கிலோமீட்டர் ஓடும் யமுனையில், வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டர் தூரம் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆற்றின் கேட்டில் பெரும்பங்கு அந்தச் சிறு தூரத்திலேயே சேர்கிறது.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இவ்விடத்தில் இரண்டு சொற்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று வரம்பு, மற்றொன்று சுமை. வரம்பு ஒவ்வொரு குழாயின் வாயிலும் நின்று காவல் செய்வது. சுமையோ ஆற்றின் முதுகில் மொத்தமாக ஏறுவது. குழாய்கள் பெருகினால், வரம்பு மாறாமலே சுமை ஏறிக்கொண்டு போகும்.

சுமையைக் கொண்டே சட்டம் செய்தவர்களும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1972ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் ஒரு பிரிவு, கெட்டுப்போன ஒவ்வொரு நீர்நிலையும் நாளொன்றுக்கு எவ்வளவு கழிவு தாங்கும் என்று கணக்கிடச் சொல்லிற்று. அப்பிரிவு நெடுங்காலம் உறங்கிற்று. வழக்குகள்தாம் அதனை எழுப்பின. செசபீக் விரிகுடாவின் கதை இதற்குச் சிறந்த சான்று. சஸ்குவஹானா, பொட்டோமக் முதலிய ஆறுகள் ஆறு மாநிலங்களிலிருந்தும் தலைநகர் வாஷிங்டனிலிருந்தும் உரச்சத்தையும் சாணத்தையும் சாக்கடையையும் அதில் கொண்டு சேர்த்தன. பாசி பெருகி, அழுகி, பிராணவாயு குன்றியது. நண்டும் சிப்பியும் நலிந்தன. 1983இலும் 1987இலும் மாநிலங்கள் மனமொத்து உடன்படிக்கை செய்தன. 2000ஆம் ஆண்டுக்குள் உரச்சத்தை நூற்றுக்கு நாற்பது குறைப்பதாக வாக்களித்தன. வாக்கு நிறைவேறவில்லை.

முடிவில் 2010 டிசம்பர் 29ஆம் நாள் மத்திய அரசு மொத்தச் சுமையை நிர்ணயித்தது. தழைச்சத்து ஆண்டுக்குச் சுமார் 84,000 டன். மணிச்சத்து சுமார் 5,700 டன். இவற்றுக்கு மேல் விரிகுடா தாங்காது. அதனைப் பாகம் பிரித்து ஒவ்வொரு மாநிலத்திற்கும் இவ்வளவு என்று ஒதுக்கிற்று. விரிகுடாவின் கரையையே காணாத பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் தம் பங்கை ஏற்க வேண்டியதாயிற்று. வேளாண்மைக் கூட்டமைப்பினர் வழக்குத் தொடுத்தனர். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் செயலை ஏற்றது. கழிவுநீர் நிலையங்கள் தம் இலக்கைக் குறித்த காலத்திற்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னரே எய்தின. வயல்களிலிருந்து வடியும் சுமையோ 2025ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் வேண்டிய அளவு குறையவில்லை. பங்கிட்டால் மட்டும் போதாது என்பதும் இதனால் விளங்கும். ஆயினும் யார் செய்தார், யார் செய்யவில்லை என்று சொல்வதற்கேனும் பங்கு வேண்டுமன்றோ?

நம் நாட்டார் பங்கிட அறியாதவர் அல்லர். காவிரி நீருக்காக 1924இல் சென்னையும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தைத் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. யமுனைக்கும் 1994 மே மாதம் ஐந்து மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் செய்தன. ஹரியானாவுக்கு 573 கோடி கன மீட்டர், உத்தரப் பிரதேசத்திற்கு 403.2 கோடி, டில்லிக்கு 72.4 கோடி என்று புள்ளிக்குப் பின்னும் கணக்கெழுதிப் பிரித்துக்கொண்டன. ஆற்றில் வினாடிக்குப் பத்துக் கன மீட்டர்வரை நீர் விடவேண்டும் என்றும் அதில் குறித்தனர். பானிப்பட்டு எவ்வளவு கழிவு விடலாம், டில்லி எவ்வளவு விடலாம், மதுரைக்கும் ஆக்ராவுக்கும் எத்தகைய நீர் போய்ச்சேர வேண்டும் என்ற பங்கீடு மட்டும் அதில் இல்லை. கண்ணன் பிறந்த வடமதுரையைத்தான் சொல்கிறோம்.

ஆற்றின் நீரைச் சொத்தாகக் கருதிப் பாகம் பிரித்தோம். அழுக்கைக் கடனாகக் கருதிப் பாகம் பிரிக்க மறந்தோம். சொத்தில் பங்கு கேட்பவன் கடனிலும் பங்கு ஏற்க வேண்டும் என்பது நம் பாட்டனார் காலத்துக் குடும்ப நியாயம். அந்த நியாயம் ஆற்றுக்கும் பொருந்தும் நாளில்தான், யமுனைக் கரையில் நிற்கும் தமிழ்க் குழந்தை தயங்காமல் நீரில் கைவைக்கும்.